செத்தவர்கள் கை தூக்கலாமா

கமென்பிரோத்,
மார்ச் 2

அன்பான ருமி,

நானும் கலினாவும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? அந்த இத்தாலியக் கிழவியம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, தூக்கிப் படுக்க வைத்து, நீ கூன் விழுந்து வந்து நின்றால் உன் தலையை என் கடைத் தொட்டியில் அலசக்கூட முடியாது. கடிதத்தோடு குடைமிளகாய் விழுது இரண்டு ஜாடி அனுப்புகிறேன். பஸ் டிரைவர் பிளாமென் ஒன்றை வழியில் காலி செய்துவிட்டு எல்லையில் பிடுங்கிக்கொண்டார்கள் என்பான். நம்பாதே.

மார்ச் மாதத்துச் சிவப்பு வெள்ளை நூல் உள்ளே இருக்கிறது. உன் மகள் கலினா திரித்தது. முடிச்சு கோணல், கண்டுகொள்ளாமல் மணிக்கட்டில் கட்டிக்கொள். போனில் பேசினால் நீங்கள் இருவரும் அழுது முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சேதி இதுதான். நுரையீரல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் லிப்பா மரங்களை வெட்டப்போகிறார்கள். அத்தனையையும். அங்கே ஒரு தனியார் பரிசோதனை நிலையமும் அதற்குக் கார் நிறுத்த இடமும் வருகிறதாம். மேயரின் மனைவி என் நாற்காலியில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்லதுதானே நெவெனா? புது மெஷினெல்லாம் வரும். காருமேல பூ கொட்டிப் பிசுபிசுன்னு ஒட்டாது."

"நோயாளிங்க எங்க போய் உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"கட்டில்லதான். நோயாளின்னா கட்டில்ல இருக்கணும்."

சாயத்தைக் கழுவ வேண்டிய நேரத்தில் கழுவாமல் அவளைப் பேச விட்டேன். கத்திரிக்காய் நிறத் தலையோடு வீட்டுக்குப் போனாள். இது ஆரம்பம்தான். நான் சும்மா விடப்போவதில்லை.

ஈரத் தலையோடு படுக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நெவெனா


போலோஞ்யா,
மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். ஜாடி ஒன்றுதான் வந்தது. நூலைக் கட்டிக்கொண்டேன். கிழவியம்மா என்ன விரதம் என்று கேட்டாள். என் மகள் கட்டிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

கலினாவுக்குக் காலணி சிறிதாகிவிட்டதா? அளவு எழுது. கணக்கில் திட்டு வாங்கினால் அடிக்காதே, உனக்கும் கணக்கு வராது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பரிசோதனை நிலையமும் நோயாளிகளுக்காகத்தானே? நம் ஊரில் ஒரு ஸ்கேன் எடுக்க ப்ளெவெனுக்கு ஓட வேண்டியிருக்கிறது. மரத்தை வேறு இடத்தில் நடலாம். நீ கடை வைத்திருப்பவள். நகராட்சியைப் பகைத்துக்கொண்டு என்ன லாபம்?

இந்த வருஷம் ஏதாவது நல்லது நடக்கலாம் என்று கலினாவிடம் சொல். என்ன என்று கேட்டால் தெரியாது என்று சொல்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். சிகரெட்டைக் குறை.

ருமியானா


கமென்பிரோத்,
ஏப்ரல் 12

ருமி,

எல்லோரும் சுகம். காலணி அளவு பின்பக்கம் வரைந்திருக்கிறேன், பாதத்தை வைத்தே கோடு போட்டேன். உன் மகளுக்குப் பாதம் படகு. சிகரெட்டைக் குறைக்கவில்லை. இந்த ஊர் இருக்கும் லட்சணத்தில் எப்படிக் குறைப்பது?

நகராட்சிக்குப் போனேன். மேயர் தோன்செவ் என் வகுப்பில் படித்தவன், என் நோட்டைப் பார்த்து எழுதியே பாஸானவன், உனக்குத் தெரியுமே. மேசைமேல் ஒரு தடிமனான திட்ட அறிக்கை. சிமெண்ட் விலை, தார் விலை, வேர் தோண்டும் கூலி, வெட்டிய மரத்தை விற்றால் வரும் பணம், எல்லாம் இருந்தது.

"இந்த மரங்களால வார்டுக்கு என்ன கெடைக்குதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றேன்.

"நிழலுக்கெல்லாம் கட்டம் கெடையாது நெவெனா."

"நிழல் மட்டுமா? மூச்சு வாங்காம பத்தடி நடந்து பழகுறாங்களே, அது? ஜூன்ல ஜன்னலத் தெறந்து வெச்சா தூங்குறாங்களே, அது? வார்டுல யாரையாவது கேட்டியா?"

"நான் எதுக்கு அவங்களக் கேக்கணும்? அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க."

எங்கே போயிடுவார்கள், வீட்டுக்கா, மேலுலகத்துக்கா என்று கேட்டேன். ஜூனில் பொதுக் கூட்டம் கூட்டுவோம், வந்து உளறு என்று கதவைக் காட்டினான்.

வார்டு டாக்டர் ஹாஜியெவ்வைப் பார்த்தேன். மனுஷன் பயந்தவர், ஆனால் பொய் சொல்ல மாட்டார். "மருந்து கொடுக்கிறது நாங்கதான், அத மரம் கொடுக்காது. ஆனா மரத்துப் பக்கம் இருக்கிற கட்டிலுக்கு அடிச்சுக்கிறாங்க. அங்க படுத்தவங்க தூக்க மாத்திரை கம்மியாத்தான் கேக்குறாங்க. சீக்கிரம் எழுந்து நடக்குறாங்க" என்றார். கூட்டத்தில் சொல்வீர்களா என்றால் கண்ணாடியைத் துடைக்கிறார்.

உன் கடிதத்தில் நீயே இல்லையே, ருமி. நகராட்சி குமாஸ்தா எழுதியது போல இருந்தது. வேலை அதிகமா?

முத்தங்கள்.
நெவெனா


கமென்பிரோத்,
மே 9

ருமி,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! ஈஸ்டர் பண்டிகைக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கலினா உனக்கென்று எடுத்து வைத்த சிவப்பு முட்டையை மே பிறந்ததும் நானே தின்றுவிட்டேன்.

இந்த வருஷம் நம் ஊரில் உயிர்த்தெழுந்தவர் ஒருவர் மட்டும் இல்லை. உட்கார்ந்து படி.

கதவிலும் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுகிறோமே இரங்கல் தாள், கருப்புக் கட்டம், நடுவில் படம், அதே மாதிரி மரங்களுக்கு அடித்து ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு மரத்துக்கும் அதன் அடியில் உட்கார்ந்து எழுந்து போன ஒரு நோயாளியின் பெயர். "மின்ச்சோவின் மரம். நுரையீரலில் நீர் கோத்துப் படுத்த மின்ச்சோவை நடக்க வைத்தது. நகராட்சி இதைக் கொல்லப்போகிறது. ஆழ்ந்த துயரத்துடன், நோயாளிகள்." நன்றாக இல்லை? ஆளுக்கு ஒரு படம் கேட்டேன். மரத்துக்காக என்றதும் எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். கருப்புக் கட்டம் பற்றி நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டேன். புத்தி கெட்டவள் நான். நம் ஆட்கள் இரங்கல் தாளில் எழுத்தை எங்கே படிக்கிறார்கள்? படத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பூக்கடைக்கு ஓடுவார்கள். ஒட்டிய மறுநாள் காலையில் கசாப்புக்கடை மின்ச்சோ வீட்டு வாசலில் ஊரே நிற்கிறது. கையில், செத்தவர்களுக்கு மட்டும் வைக்கிற இரட்டைப்படைப் பூங்கொத்து. ப்ளெவெனிலிருந்து அவன் சித்தி மகள் துக்கத்துக்குச் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையைத் தட்டு நிறையக் கொண்டு வந்துவிட்டாள். மின்ச்சோ உள்பனியனோடு கதவைத் திறக்கிறான், கையில் பாதி வெங்காயம்.

"யாருடி செத்தது?"

"நீதான்டா!" என்று சித்தி மகள் அழுகையை நிறுத்தாமலே சொன்னாளாம். "போன மாசந்தானே பேசினோம், சொல்லவே இல்லையேடா!"

ஓய்வுபெற்ற டீச்சர் ஸ்பாஸ்கா வீட்டிலும் இதே கூத்து. அவளுடைய பழைய மாணவர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். அவள் மாலையில் எழுதியிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினாள்.

மத்தியானம் எல்லாச் செத்தவர்களும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். என்னைக் கொன்றே போட்டிருப்பார்கள். நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் நின்றேன். கடைசியில் மின்ச்சோதான் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, "எனக்காக அத்தன பேர் அழுதாங்க நெவெனா. இது வேணும்னு பண்ணியா?" என்றான். தெரியாமல் நடந்தது என்றேன். "சரி. ஜூன் கூட்டத்துக்கு நாங்க எல்லாரும் வரோம்" என்றான். கோதுமையை எல்லோரும் அங்கேயே தின்று தீர்த்தோம்.

பதில் எழுது. இல்லாவிட்டால் உன் படத்தையும் ஒட்டிவிடுவேன்.

உன் பாவி அக்கா
நெவெனா


போலோஞ்யா,
மே 28

அக்கா,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்.

சிரித்தேன். கிழவியம்மாவுக்கும் சொன்னேன், அவளும் சிரித்தாள். காலணி அனுப்பியிருக்கிறேன், படகுக்கு ஏற்றது.

ஆனால் போதும் அக்கா. கூட்டத்துக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. ஏன் என்று இப்போது கேட்காதே. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

கலினாவுக்கு என் முத்தம்.

ருமியானா


கமென்பிரோத்,
ஜூன் 18

ருமியானா,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன். வேலை கிடைத்துவிட்டதே.

கூட்டம் பண்பாட்டு மண்டபத்தில் நடந்தது. லிப்பா பூத்துக் கிடக்கிறது, ஜன்னல் வழியாக வாசனை வந்துகொண்டே இருந்தது. தோன்செவ் எழுந்து திரையில் படம் காட்டினான். கண்ணாடிக் கட்டடம், முன்னால் வெள்ளைக் கார்கள். பிறகு, "மரத்தால ஆரோக்கியம் வருதாம். வரட்டும். அப்படிப் பொழச்ச ஒரே ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்" என்றான்.

பின்வரிசையில் மின்ச்சோ எழுந்தான். "ஐயா, செத்தவங்க கை தூக்கலாமா?"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மின்ச்சோ சிரிக்கவில்லை. "என்னைய எழுப்பி விட்டது மருந்துதான். இல்லன்னு சொல்லல. ஆனா எந்திரிச்சு எங்க போவேன் சொல்லு? வராந்தாவுல எச்சித் தொட்டிக்குப் பக்கத்துலயா? மொத மரம் வரைக்கும் போனேன். மறுநாள் ரெண்டாவது மரம். அப்படித்தான்யா நான் வீட்டுக்கு நடந்து வந்தேன்." ஸ்பாஸ்கா டீச்சர் எழுந்தாள். இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர். ஒட்டிய தாளில் இருந்த முகமெல்லாம் எழுந்து நின்றது. கடைசியில் டாக்டர் ஹாஜியெவ், கண்ணாடியைத் துடைக்காமல், என்னிடம் சொன்னதை எல்லோரிடமும் சொன்னார். "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி வார்டக் கேக்கணும். எங்கள யாரும் கேக்கல" என்றார்.

நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் தோன்செவ் என் பக்கம் திரும்பினான். "நெவெனா, இவ்வளவு கத்துறியே. அந்த நிலையத்துல தலைமை நர்ஸா வரதுக்கு ஒத்துக்கிட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா? உன் தங்கச்சி ருமியானா. ஜனவரியிலயே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் தங்கச்சிய நான் பாத்துக்கறேன். நீ மரத்துக்குப் பதில் சொல்லு" என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன். வெட்டலாமா கூடாதா என்ற நகராட்சி மன்ற ஓட்டெடுப்பைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே! ஊரறிய அவமானப்பட்டது பெரிதில்லை. நீ என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் நெஞ்சில் குத்துகிறது.

நெவெனா


போலோஞ்யா,
ஆகஸ்ட் 3

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்கிறேன், போனில் இருமினாளே கலினா, நின்றதா?

ஆமாம், ஜனவரியிலேயே ஒத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய்? மரத்தை விட்டிருப்பாயா? மாட்டாய். எனக்காக விட்டிருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டியிருப்பாய். அதனால் சொல்லவில்லை. ஊருக்கு மூச்சு வேண்டும் என்கிறாய். எனக்கு என் மகள் வேண்டும். நான்கு வருஷமாக அவள் பாதத்தைக் காகிதத்தில்தான் பார்க்கிறேன். இங்கே யாரோ ஒருத்தியின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டு, என் மகளை உன்னிடம் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வர எனக்கு ஒரே ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவின் முன்னால் போய் நீ கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கசாப்புக்காரனுக்கு ஒரு மரம். டீச்சருக்கு ஒரு மரம். எனக்கு? பத்தொன்பது வயதில் ஒரு கோடை முழுக்க அந்த வார்டில் நான் கிடக்கவில்லையா? ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற மூன்றாவது மரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதன் கிளையில் மொட்டு வந்ததிலிருந்து பூ உதிர்ந்தது வரை எனக்குத் தெரியும். நர்ஸாக வேண்டும் என்று நான் முடிவெடுத்ததே அங்கேதான். ஊரில் எல்லோர் பெயரையும் ஒட்டினாய். என்னை மறந்துவிட்டாயே. சிரிக்க வைத்த அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அதற்காகத்தான் அழுதேன், போ.

ருமியானா


கமென்பிரோத்,
ஆகஸ்ட் 11

என் ருமி,

இருமல் நின்றுவிட்டது. லிப்பாப் பூவைத் தேனோடு காய்ச்சிக் கொடுத்தேன். நீ பெரிய நர்ஸ், சிரிக்காதே.

உன்னை மறந்தேனா? முதலில் உன் தாளைத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது மரம். படத்தையும் எடுத்து வைத்தேன், நீ ஆஸ்பத்திரி கவுனோடு பல்லைக் காட்டுகிற படம். உன் பெயரைக் கருப்புக் கட்டத்துக்குள் எழுதக் கை வரவில்லை. மற்றவர்களை எல்லாம் வரிசையாகக் கொன்றேன், மனசாட்சியே இல்லாமல். உன்னிடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அந்தக் கோடையில் ஒவ்வொரு நாளும் வார்டுக் கதவைத் திறக்கும்போது நான் பயந்தது உனக்கு எங்கே தெரியும்? அந்த மரத்தில் மட்டும் தாள் இல்லை. போய்ப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

நீ சொன்ன மற்றதெல்லாம் உண்மை. உன் மகள் உனக்கு வேண்டும். ராத்திரி அவள் தூக்கத்தில் உன்னைக் கூப்பிடும்போது பதில் சொல்வது நான்தான். எனக்கும் தெரியும்.

ஆனால் நான் நிறுத்த மாட்டேன், ருமி. உன்னிடம் கெஞ்சவும் மாட்டேன், மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். நிலையம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மூடிக் கிடக்கிற சட்டைத் தொழிற்சாலையில் கட்டட்டும், சாலை அங்கேயும் போகிறது. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று படுத்திருப்பவனைக் கேட்காமல் ஒருவன் முடிவெடுக்கிறான் என்றால், அது என் தங்கைக்கு வேலை கொடுக்கிற முடிவாக இருந்தாலும் எதிர்த்துத்தான் நிற்பேன். என்னைத் திட்டு. நிறையத் திட்டு. ஆனால் எழுதாமல் இருக்காதே.

உன் முதுகுக்குத் தைலம் வைத்திருக்கிறேன்.

நெவெனா


கமென்பிரோத்,
செப்டம்பர் 29

ருமி,

நாங்கள் நலம். நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்கும் நிலையிலும் இல்லை.

ஓட்டெடுப்பு முடிந்தது. மரங்கள் நிற்கும். நிலையம் சட்டைத் தொழிற்சாலைக்குப் போகிறது. இனிமேல் ஆஸ்பத்திரியைச் சுற்றி எதை வெட்டுவதானாலும் கட்டுவதானாலும் முதலில் வார்டைக் கேட்டு, அந்தப் பதிலை அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தோன்செவ் கையெழுத்துப் போட்டபோது, "இப்ப சந்தோஷமா?" என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன்.

பொய்தான். நிலையத்தின் முதலாளி எழுந்து, இடம் மாறியதால் இரண்டு வருஷமாவது தள்ளிப்போகும், ஆட்களைப் பற்றி அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன். எதைக் கொடுத்து ஜெயித்தேன் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கலினாவிடம் நானே சொன்னேன், உன் அம்மா வர இருந்த வழியை நான்தான் அடைத்தேன் என்று. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேறென்ன எழுத?

அக்கா


போலோஞ்யா,
அக்டோபர் 19

அக்கா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு.

நுரையீரல் ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்த பழைய வார்டின் தலைமை நர்ஸுக்குப் போன் செய்தேன். ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், யாரும் வருவதில்லையாம். சம்பளத்தைச் சொன்னாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நவம்பரில் சேர்கிறேன் என்றேன்.

நீ ஜெயித்ததற்காக வருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே. யாரோ ஒரு முதலாளி எப்போது கட்டி எப்போது கூப்பிடுவான் என்று காத்திருந்துதான் என் மகளிடம் போக வேண்டும் என்றால், அது எனக்கு வேண்டாம். நானே வருகிறேன். காசு பற்றாது. பற்றாவிட்டால் உன் கடையில் தலை அலசுவேன். கிழவியம்மா அழுதாள். தன் பேத்தியைக் கடைக்கு அனுப்பி, முதுகுக்குக் கட்டும் பட்டை ஒன்று வாங்கித் தந்தாள்.

கருப்புக் கட்டத்துக்குள் என் பெயரை எழுதக் கை வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் பல தடவை படித்தேன். அதற்காகவும் வரவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனை மாதக் கோபம் இருக்கிறது, பிளாமெனின் பஸ் தாங்காது, நேரில்தான் கொண்டு வர வேண்டும். கலினாவின் முன்னால் வேண்டாம். கடையில் உன் வாடிக்கைக்காரிகள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால் மரத்தடியில் வைத்துக்கொள்வோம். மேலே ஜன்னலோரம் ஆட்கள் தூங்குவார்கள், என் வார்டு அது, குரலைத் தாழ்த்தித்தான் திட்ட முடியும். நேரமாகும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வா.

ருமி